ஆனையிறவு கண்ட இரு பயிற்சிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலவழிக்கு ஆனையிறவு என்று பெயர். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற கடனீரேரியை அவ்விடத்திற் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டமையால் அப்பெயர் உண்டாயிற்று என்பது வழிவழி வந்த விளக்கம். யாழ்ப்பாண அரசர் காலத்திலும், போர்த்துக்கேயர் காலத்திலும், 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர் காலத்திலும் யானை வாணிகம் இப்பகுதிக்குப் பெரும் பொருளை ஈட்டித் தந்தது. வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். கோல்கொண்டாவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வணிகர் வந்து வாங்கிச் சென்றனர். யானையின் உயரத்தை முழக்கணக்கில் அளந்து அதற்கேற்ப விலை வைத்தனர்.

விற்பதற்கு முன் அவற்றைப் பழக்க வேண்டியிருந்தது. புதிதாகப் பிடிபட்ட யானையைப் பழகிய யானைகள் இரண்டின் நடுவே நிறுத்திக் கயிற்றாற் பிணிப்பர். முதலில் அதன் வலிமை பசியால் அடங்கும். பின்னர்ப் பாகன் கையாலே உணவு ஊட்டுவான். எதிர்த்தால் அங்குசம் பேசும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் தெனந்து தமது நூலில் இம்முறையை விரிவாக எழுதியுள்ளார். பிணிப்புண்ட யானைகளுட் சில, நோய் எதுவும் வெளிப்படாமலே படுத்து இறந்துபோவதையும் அவர் குறிப்பிடுகின்றார்.

இக்கலை தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, அரசன் தங்கிய பாசறையில் யானைக்குக் கவளம் ஊட்டும் இளம்பாகரைக் காட்டுகின்றது. அவர்கள் கல்வியறிவு இல்லாதவர்கள். ஆயினும் யானையிடம் பேசும்போது வடமொழிச் சொற்களை ஆளுகின்றனர். கையில் கவைத்த முள்ளை உடைய கோல் இருக்கின்றது. அம்மொழியை அவர்கள் அறியார்; அறிந்தவை யானைக்குரிய சில சொற்களே. யானையும் அம்மொழியை அறியாது. பொருள் விளங்காத அச்சொற்கள் இருவருக்குமிடையே குறிகளாக நின்று வேலை செய்தன.

சொல், கோல், கவளம் என்னும் இம்மூன்றனுள் யானைக்குக் கற்பித்தது எது? பாகன் மூன்றையும் ஒருங்கே கையாண்டமையால் அதனைப் பிரித்துக் காண அவனுக்கு வாய்ப்பில்லை, தேவையும் இல்லை. அவ்வினாவுக்கு விடை ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வேறு நாடுகளிலே தேடப்படலாயிற்று. அந்த விடை 2002ஆம் ஆண்டில், அதே ஆனையிறவுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மண்ணிலே நாய்களின் வடிவில் வந்து நின்றது.

யானையையும் நாயையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதும் தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. தன்னை நன்கு அறிந்த பாகனையே கொல்லக்கூடியது யானை என்றும், எய்த வேல் உடலிற் கிடக்கும்போதும் தன்னை வளர்த்தவனைக் கண்டு வாலாட்டுவது நாய் என்றும் நாலடியார் வேறுபடுத்திக் கூறும். அந்த நூல் நட்பைப் பற்றிப் பேசுகின்றது. எனினும் விலங்கைப் பழக்குவோருக்கும் அதிலே ஒரு செய்தி உண்டு. வாலாட்டும் பிராணியை அடித்தும் பழக்கலாம், அது பொறுத்துக்கொள்ளும். இதனாலேயே நாயை அடித்துப் பழக்கும் முறை நெடுங்காலம் எவராலும் ஐயுறப்படாது நிலைத்தது.

ஐயுறவு எழுந்த வரலாறு பூனைகளிலிருந்து தொடங்குகின்றது. 1898ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் தோர்ண்டைக் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் பசித்த பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்தார். உள்ளேயுள்ள கயிற்றையோ நெம்பையோ அசைத்தாற் கதவு திறக்கும். வெளியே உணவு இருக்கும். பூனை முதலில் கண்டபடி கீறியது, தற்செயலாகக் கயிற்றை இழுத்தது, வெளியே வந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வீண் செயல்கள் குறைந்தன. பயன் தந்த செயல் நிலைத்தது. நற்பயனைத் தொடர்ந்து பெறும் செயல் வலுப்பெறும் என்னும் விதி இவ்வாறு வகுக்கப்பட்டது. தண்டனையும் அதே அளவு வலிமை உடையது என்று முதலில் நம்பிய அவர், 1930களில் அக்கருத்தைத் திருத்திக்கொண்டார் என்பது கருதத்தக்கது.

அதே காலத்தில் ருசியாவிலே இவான் பவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வாராய்ச்சிக்கு 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் பெயரை உலகம் நினைவிற் கொள்வது வேறொன்றுக்காக. உணவுக்கு முன் ஓர் ஓசையைத் தொடர்ந்து எழுப்பினால், நாளடைவில் அவ்வோசையே நாயின் வாயில் உமிழ்நீரை ஊறச் செய்யும் என்று அவர் காட்டினார். மணியோசை என்றே யாவரும் சொல்வர். அவர் தாளங்காட்டும் கருவி முதலிய வேறு பலவற்றையும் ஆண்டார். கருவி எதுவாயினும் உண்மை ஒன்றே: பொருளற்ற ஓசை ஒன்று உணவின் மதிப்பைத் தானே ஏற்கக்கூடும்.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஒன்று சேர்ந்த இடம் ஒரு மாவாலையின் மேல்மாடி. இரண்டாம் உலகப்போர் நடந்த 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்திலே, ஸ்கின்னர் என்னும் உளவியலாளரும் அவர் மாணவர்களும் குண்டுகளை இலக்குக்கு வழிகாட்டப் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தனர். விந்தையான திட்டம், போரில் அது பயன்படவில்லை. ஒருநாள், வேறு வேலை இல்லாத வேளையில், ஒரு புறாவுக்குச் சிறு மரப்பந்தை அலகால் தள்ளக் கற்பிக்க முற்பட்டனர். புறா பந்தைத் தள்ளும்வரை காத்திருந்தனர், அது நடக்கவில்லை. ஆகவே பந்தைப் பார்த்தாலே உணவு அளித்தனர். பின்னர் நெருங்கினால், பின்னர்த் தொட்டால். சில நிமிடங்களில் புறா பந்தைச் சுவரில் மோதவிட்டு விளையாடிற்று. சிறு சிறு படிகளாகச் செயலை வடிக்கும் இம்முறையில், உணவுத்தட்டு திறக்கும் ஓசையே புறாவுக்கு “அதுதான், சரி” என்று அறிவித்தது.

அத்திட்டத்திற் பணியாற்றிய மாணவர்களுள் கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் என்னும் கணவன் மனைவியர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டனர். ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் குடியேறி, கோழி முதல் பன்றி வரை எண்ணற்ற உயிர்களைப் பழக்கினர். தொலைவில் நிற்கும் பிராணிக்குச் செயல் நிகழ்ந்த கணத்திலேயே உணவைக் கொடுக்க இயலாது. ஆகவே ஊதலையோ சொடுக்கொலியையோ இடையில் வைத்தனர். நாய் பழக்குவோரிடம் இதனைக் கொண்டு சென்றபோது அவர்கள் செவிசாய்க்கவில்லை. கழுத்துச் சங்கிலி இருக்கையில் விளையாட்டுப் பொருள் எதற்கு என்று எண்ணினர் போலும்.

அது உண்மையிலேயே விளையாட்டுப் பொருள்தான். கோயில் திருவிழாக் கடைகளில் தகரத்தாற் செய்த தவளை ஒன்று விற்கப்படும். அடியிலுள்ள தகட்டை அழுத்தினால் டிக் என்று ஒலிக்கும். அதுவே கிளிக்கர் என்னும் கருவியின் மூதாதை. 1944 ஜூன் 6ஆம் நாள் இரவில் நோர்மண்டியில் வான்குடையிற் குதித்த அமெரிக்க வீரர், இருளில் நண்பரை அறிந்துகொள்ள இதே தகரப்பூச்சியை அழுத்தினர். 1951 டிசெம்பரில் ஸ்கின்னர் ஒரு மாத இதழில் எழுதிய கட்டுரையில், வீட்டு நாயைப் பழக்க இவ்விளையாட்டுப் பொருள் போதும் என்று காட்டினார். கட்டுரை படிக்கப்பட்டது; நாய்கள் முன்போலவே அடிபட்டன.

மாற்றம் வந்தது கடலிலிருந்து. நீரில் நீந்தும் ஓங்கிலுக்குக் கழுத்துச் சங்கிலி மாட்ட முடியாது, அடிக்கவும் முடியாது, கோபித்தாற் குளத்தின் மறுகோடிக்குப் போய்விடும். 1963இல் ஹவாய்த் தீவில் ஓங்கில்களைப் பழக்கத் தொடங்கிய கரென் பிரையோர் என்னும் அம்மையார், ஊதலும் மீனும் கொண்டே அதனைச் செய்தார். அவர் 1984இல் எழுதிய நூலும், 1992 முதல் நடத்திய பயிற்சிக் கூட்டங்களும் கிளிக்கர் முறையை நாய் வளர்ப்போர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தன. மாவாலையின் மேல்மாடியிலிருந்து வீட்டு முற்றம் வரை வந்து சேர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன.

முறை எளிது, எளிமையே அதன் அருமை. யாழ்ப்பாணத்துப் படலையடியிற் படுத்திருக்கும் ஊர்நாயை வைத்தே அதனை விளக்கலாம். முதலில் டிக் என்று ஒலித்துச் சிறு கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்தல் வேண்டும். பத்து, இருபது முறை இவ்வாறு செய்தால், ஒலி கேட்டவுடன் நாய் தலையைத் திருப்பி உணவை எதிர்பார்க்கும். பின்னர் நாய் தானாக உட்காரும் கணத்தில் ஒலித்தல் வேண்டும். கணம் என்பதே இங்கு உயிர்நிலை. ஒலி சற்றுப் பிந்தினால், உட்கார்ந்ததற்கன்றி எழுந்ததற்குப் பரிசு கிடைத்ததாக நாய் கொள்ளும். “நல்ல நாய்” என்னும் சொல் நீண்டது. சொல்வோரின் மனநிலைக்கேற்ப மாறுவது. சொடுக்கொலியோ குறுகியது, எப்போதும் ஒரே தன்மையது, கோபத்தையோ களைப்பையோ காட்டாதது.

நாய் உட்காருவதை உறுதியாகச் செய்யத் தொடங்கிய பின்னரே குறி வருகின்றது. உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தினால் உட்காருதல், தாழ்த்தினாற் படுத்தல், விரலாற் சிறு வட்டம் காட்டினாற் சுழலுதல் என ஒவ்வொன்றாக இணைக்கலாம். சொற்கட்டளையைக் காட்டிலும் கைக்குறியை நாய் விரைந்து கற்கும் என்பது பழக்குவோர் பலரின் அனுபவம். அதற்குக் காரணமும் உண்டு. மனிதன் விரலாற் சுட்டிக் காட்டிய இடத்திலே உணவைத் தேடும் திறன், மனிதருக்கு நெருங்கிய இனமாகிய சிம்பன்சிக் குரங்கைவிட நாய்க்குட்டியிடம் மிகுந்திருப்பதை 2002இல் பிரையன் ஹெயாரும் அவர் தோழரும் சோதனைகளாற் காட்டினர். பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்தமையால் நாய் அவன் கையைப் படிக்கக் கற்ற விலங்காயிற்று என்பது அவர்கள் கருத்து. இத்திறன் நன்மைக்கே என்று எண்ணத் தோன்றும். மிதிவெடி நிலத்தில் இதுவே ஒரு தொல்லையாக மாறும். அது பின்னர்க் கூறப்படும்.

மிதிவெடியைத் தேட நாயைப் பயன்படுத்தும் முயற்சி இரண்டாம் உலகப்போரில் எழுந்தது. அங்கேதான் கோலும் கவளமும் நேருக்கு நேர் நின்றன. அமெரிக்கப் படையினர் விரட்டும் முறையைத் தெரிந்தெடுத்தனர். புதைத்த பொருளை நாய் நெருங்கினால் மின்னதிர்ச்சி உண்டாகும். ஆகவே நிலத்துள் மறைந்திருப்பது தன்னை வருத்தும் என்று நாய் அஞ்சி நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. பிரித்தானியர் ஈர்க்கும் முறையைக் கொண்டனர்; புதைத்ததைக் கண்டால் இறைச்சி கிடைக்கும். அமெரிக்கரின் நாய்கள் 1944இல் வட ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அங்கு நடந்த சோதனைகளில் புதைத்தவற்றுட் பாதியளவையே அவை கண்டன; அணி கலைக்கப்பட்டது. பிரித்தானியரின் நாய் அணிகள் ஐரோப்பியப் போர்க்களத்தில் 1945 வரை பணியாற்றின. தோல்விக்குப் போர்க்களத்தின் இரைச்சல் முதலிய வேறு காரணங்களும் இருந்தன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அச்சமூட்டிப் பழக்கிய விலங்கின் இயல்பு ஒன்றை மறக்கலாகாது. அஞ்சும் நாய் தேடுவதில்லை. தப்பிக்கும் வழியையே பார்க்கும். மணத்தை நெருங்கினால் வலி என்றால் மணத்தை நெருங்காதிருப்பதே அதற்கு அறிவுடைமை. தேடலோ, நெருங்க விரும்பும் விலங்காலன்றி நடவாது.

ஆப்கானிஸ்தானத்தில் 1989 முதல் மிதிவெடி நாய்கள் பெருமளவிற் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. பின்னர் ஆபிரிக்காவிலும் பால்கன் நாடுகளிலும் அம்முறை பரவியது. எல்லாப் பயிற்சிப் பள்ளிகளும் கிளிக்கரை ஏற்றன என்று கூறல் பொருந்தாது. சிலர் சொடுக்கொலியும் உணவும் ஆண்டனர். வேறு சிலர் இறப்பர்ப் பந்தைப் பரிசாக வைத்தனர்; பந்தோடு சில நொடி விளையாடுவதற்காக அந்நாய்கள் நாள் முழுதும் உழைக்கும். பரிசு எதுவாயினும் அடிப்படை ஒன்றே: சரியான கணத்தைக் குறித்து, விரும்பியதைக் கொடுத்தல்.

இலங்கையிலே 2002 பெப்ரவரி 22ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏப்பிரல் மாதத்தில் முகமாலை வழியாக ஏ-9 நெடுஞ்சாலை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடம்பெயர்ந்திருந்தோர் தம் காணிகளைப் பார்க்கத் திரும்பினர். காணிகள் இருந்தன, வேலிகள் இல்லை, கூரைகள் இல்லை, பனைகள் பல தலையிழந்து நின்றன. நிலத்துள் என்ன இருக்கின்றது என்பதை எவராலும் கூற இயலவில்லை. ஆண்டுக்கணக்காக முன்னரங்கு மாறி மாறி அமைந்த பிரதேசம் அது. இரு தரப்பினரும் மிதிவெடி புதைத்தனர். அவற்றுட் பல உள்ளங்கையளவு பிளாஸ்டிக் கூடுகள், சில மரப்பெட்டிகள். உலோகம் மிகக் குறைவாக இருந்தமையால் உலோகங்காணும் கருவிக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. அகப்பட்டனவோ எறிகணைச் சிதறல்களும் துப்பாக்கிச் சன்னங்களும். கருவி ஒலிக்கும் ஒவ்வோர் இடத்தையும் முழந்தாளிட்டுத் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது. வெடிமருந்தின் மணத்தை நாடும் மூக்குக்குத் துருப்பிடித்த இரும்பு ஒரு பொருட்டன்று. அங்கேதான் நாயின் பயன்.

அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசின் உதவியுடன் இயங்கிய விரைவு மிதிவெடியகற்றல் அணி ஒன்று யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதனைப் பயிற்றுவித்தது ரொன்கோ என்னும் அமெரிக்க நிறுவனம். அதிற் பணியாற்றியோர் மொசாம்பிக் நாட்டினர். மிதிவெடிகளால் நலிந்த தம் தாய்நாட்டில் இத்தொழிலைக் கற்றோர், மொழியும் ஊரும் அறியாத வேறொரு நாட்டில், வேறொரு மக்களின் காணிகளைத் துப்புரவாக்க நாய்களோடு வந்தனர். பின்னர் அமெரிக்க உதவியால் இலங்கை இராணுவத்தின் மிதிவெடியகற்றும் பிரிவினரும் பயிற்சி பெற்றனர். மார்ஷல் நினைவு நிறுவனம் என்னும் அமெரிக்கத் தொண்டு அமைப்பின் வழியாகவும் மிதிவெடி நாய்கள் இலங்கைக்கு அளிக்கப்பட்டன.

நாய் வேலை செய்யும் முறை பார்ப்பதற்குச் சலிப்பூட்டக் கூடியது. துப்புரவாக்கப்பட்ட பாதையில் பழக்குநர் நிற்பார். நீண்ட கயிற்றின் மறுமுனையில் நாய், மூக்கை மண்ணோடு வைத்து, நேர்கோட்டிற் சென்று திரும்பும். பின்னர் ஓரடி தள்ளி அடுத்த கோடு. மணம் கண்டால் உட்காரும். மண்ணைக் கீறலாகாது, குரைக்கலாகாது. அவ்விடத்துக்குக் குறியிட்டுவிட்டு நாயை அழைத்துக்கொள்வர். மனிதன் கருவியோடு சென்று தோண்டுவான். ஒரு நாய் தேடிய நிலத்தை இன்னொரு நாய் மீண்டும் தேடும். இரண்டும் ஒன்றும் இல்லை என்று காட்டினாலன்றி நிலம் ஏற்கப்படாது. காலை இளவெயிலில் நன்கு உழைக்கும் நாய், யாழ்ப்பாணத்து உச்சிவெயிலில் மூச்சிரைத்து நிற்கும். வாயால் மூச்சு வாங்கும் நாய் மூக்கால் தேடுவதில்லை. ஆகவே நண்பகலுக்கு முன்னரே வேலை முடிந்துவிடும். புல் உயர்ந்த இடத்திலும், காற்று மிக்க வேளையிலும், வெடிகள் நெருக்கமாகப் புதைந்த வரிசைகளிலும் நாய் அவ்வளவாகப் பயன்படாது. மணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். முகமாலையின் அடர்ந்த வெடிவரிசைகளைத் துப்புரவாக்கியோர் பெரும்பாலும் கையாலே மண்ணை வாரிய மனிதர்களே. அவர்களுட் பெண்கள் பலர். சந்தேகத்துக்குரிய நிலத்தின் எல்லையைக் காண்பதும், துப்புரவான நிலத்தைச் சரிபார்ப்பதுமே நாய் சிறந்து விளங்கும் பணிகள்.

இனி, முன்னர்க் கூறிய தொல்லைக்கு வருவோம். 1904ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குப் போடுவதாக உலகம் வியந்தது. எண்ணைக் கேட்டால் குளம்பால் நிலத்தைத் தட்டி விடை சொல்லும். ஒஸ்கார் புங்ஸ்ட் என்பவர் நுணுகி ஆராய்ந்து, கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரிவதில்லை என்று 1907இல் வெளிப்படுத்தினார். சரியான எண்ணிக்கை வந்தவுடன் கேட்பவரின் தலை தம்மை அறியாமலே சற்று அசையும். குதிரை அதனைக் கண்டு நிறுத்தும். அவர் காட்டிய கைக்குறி எதுவும் இல்லை. ஆனால் உடல் குறி காட்டிவிட்டது.

குதிரைக்கே அது இயலுமாயின் நாயைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பழக்குநர் ஓரிடத்தைச் சந்தேகித்துக் கயிற்றைச் சற்று இறுக்கினாற் போதும். நாய் அங்கே உட்கார்ந்துவிடும். அமெரிக்காவில் 2011இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், மோப்ப நாய்களையும் அவற்றின் பழக்குநரையும் கொண்ட 18 இணைகள் சோதிக்கப்பட்டன. தேடவேண்டிய மணம் எங்கும் வைக்கப்படவில்லை. ஆனால் மணம் இருப்பதாகப் பழக்குநரிடம் கூறப்பட்டது. பெரும்பாலான தேடல்களில் நாய் கண்டுவிட்டதாக அவர்கள் அறிவித்தனர். விமான நிலையத்தில் இப்பிழையால் ஒருவருடைய பெட்டி வீணே திறக்கப்படும். மிதிவெடி நிலத்தில் இதன் மறுபக்கமே கொடியது: இங்கே ஒன்றுமில்லை என்று பழக்குநர் முன்கூட்டியே எண்ணிவிட்டால், அவருடைய தளர்ந்த கையை நாய் படித்துவிடக் கூடும். அந்த நிலத்தில் அடுத்த மாதம் ஒரு சிறுவன் மாட்டை ஓட்டிச் செல்வான்.

இதற்குக் கண்ட மருந்து, பழக்குநரை அறியாமையில் வைத்தல். உயிர்ப்பகுதி நீக்கிய வெடிகளைச் சோதனைத் திடலில் பல மாதங்களுக்கு முன்னரே புதைத்துவிடுவர். தோண்டிய மண்ணின் புதுமணமும் மனித மணமும் நீங்கி, வெடிமருந்தின் மணம் மட்டும் மெல்லக் கசிந்து மேலெழுவதற்கு அவ்வளவு காலம் வேண்டும். எங்கே புதைந்துள்ளது என்பது மேற்பார்வையாளருக்கே தெரியும். பழக்குநரும் நாயும் ஒன்றுமறியாது தேடுவர். தேர்ச்சி பெற்ற இணைக்கே களத்தில் அனுமதி.

கற்பித்தோர் எதிர்கொண்ட இன்னொரு சிக்கலும் இத்திடலிலேயே தீர்ந்தது. இது மிக நுட்பமானது. களத்தில் நாய் உட்கார்ந்தால், அங்கே உண்மையில் வெடி இருக்கின்றதா என்பது தோண்டிப் பார்க்கும்வரை எவருக்கும் தெரியாது. உடனே சொடுக்கொலி எழுப்பிப் பரிசு கொடுத்தால், பொய்யாக உட்கார்ந்ததற்கும் பரிசு கிடைத்துவிடும். உட்கார்ந்தாலே பந்து என்று நாய் சில நாட்களிற் கற்றுக்கொள்ளும். பரிசே கொடாவிட்டால், வெடியில்லாத நிலத்தை நாட்கணக்காகத் தேடிச் சலித்த நாய் தேடுவதை விட்டுவிடும். மூக்கு மண்ணில் இருக்கும், மனம் இராது. தோர்ண்டைக்கின் பூனைக்கும் ஸ்கின்னரின் புறாவுக்கும் எழாத சிக்கல் இது. அங்கே விடை ஆசிரியருக்குத் தெரியும். ஆகவே களப்பணிக்கு இடையிடையே நாயைச் சோதனைத் திடலுக்குக் கொண்டு செல்வர். அங்கே அது உண்மையான மணத்தைக் கண்டு உட்காரும்போது, தயங்காமற் பரிசு கொடுக்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை அனுப்பிய மொசாம்பிக்கில், பின்னாளில் நாயினும் எளிய உயிர் ஒன்றும் இதே பாடத்தைக் கற்றது. தன்சானியாவிலே பழக்கப்பட்ட பெரிய பை எலிகள், சொடுக்கொலி கேட்டால் வாழைப்பழம் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டு மிதிவெடி தேடின. அவற்றின் எடை வெடியை இயக்கப் போதாது. நாயின் எடையோ போதும். அதனாலேயே மணத்தை அடையுமுன் உட்கார அது கற்க வேண்டியிருக்கின்றது. 2015 செப்டெம்பரில் மொசாம்பிக் மிதிவெடியற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

இலங்கையில் 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டது; போர் மீண்டும் மூண்டு 2009 மே மாதத்தில் முடிவுற்றது. துப்புரவாக்கிய நிலங்கள் சிலவற்றில் மீண்டும் வெடி புதைக்கப்பட்டமையால் வேலை பின்னோக்கித் தொடங்கிற்று. 2017 டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவாக்குவதற்குக் குறித்த எல்லை 2028 ஜூன்.

சோதனைத் திடலில் நடப்பது மிகச் சிறிய நிகழ்ச்சி. பனைகளின் நிழல் இன்னும் நீண்டிருக்கும் காலைவேளை. நாய் மூன்றாம் கோட்டின் நடுவே நின்று, மூக்கை இருமுறை திருப்பி, உட்காருகின்றது. பழக்குநர் கையை அசைப்பதில்லை, அசைக்கலாகாது. அவர் மேற்பார்வையாளரைப் பார்க்கின்றார். மேற்பார்வையாளர் தம் கையிலுள்ள வரைபடத்தைப் பார்த்துத் தலையசைக்கின்றார். அதன் பின்னரே பந்து நாயை நோக்கிப் பறக்கின்றது.